காய்ப்பு

போன ஆவணியில் ஒரு சாயங்காலம், சிப்காட் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிற பையன் ஒருவன் எங்கள் தறிக்கொட்டகை வாசலில் வந்து நின்றான். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். கம்பெனிச் சட்டை புஜத்தில் தையல் விடும் அளவுக்கு இறுகியிருந்தது. உள்ளே வரும்போது தோளை லேசாகச் சாய்த்து, பக்கவாட்டில் நுழைந்தான். அந்தச் சாய்வை எனக்குத் தெரியும். எங்கள் வாசல் அவ்வளவு குறுகல் கிடையாது.

"அண்ணா, நீங்க அந்தக் காலத்துல செஞ்சிங்களாமே" என்றான். எதை என்று நான் கேட்கவில்லை. "அஞ்சு மாசமா விடாம கோர்ஸ் போட்டுக்கினு கீறேன். மொத ரெண்டு மாசம் சும்மா ஏறுச்சு. இப்ப அப்படியே நின்னுபோச்சு. ஏறிக்கினே இருக்கணும்னா இன்னா பண்ணணும்ணா?"

நான் குழிக்குள் காலை வைத்து உட்கார்ந்திருந்தேன். முந்தி ஓடிக்கொண்டிருந்தது, நடுவில் எழுந்தால் கணக்கு தப்பிவிடும். உட்காரச் சொல்லிவிட்டு நாடாவைத் தள்ளினேன். 2007-ல் இதே கேள்வியை நான் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். அவர் சொன்ன பதில் மூன்றே சொல்: "இன்னொன்னு சேத்துக்கோ, சரியாயிடும்."

எங்கள் வீட்டில் ஜிம்மை வைத்து முதல் சண்டை உள்ளங்கையில் தொடங்கியது. ஆரணிப் பட்டு என்று பெயர் ஆரணிக்குத்தான். தறிகள் சுற்றுவட்டாரம் முழுக்க இருக்கின்றன. செய்யாற்றில் நைனாவுக்கு இருந்தது ஒரு குழித்தறி. ஆரணி முதலாளியிடம் பாவும் ஜரிகையும் வாங்கி வந்து நெய்து கொடுப்பார். பாவு தீர்ந்தால் பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. அந்த வேலைக்கு என்னை உட்கார வைப்பார்கள், என் விரல் மெல்லியது என்று. 1999-ல் பதினேழு வயதில் நான் ஜிம்முக்குப் போக ஆரம்பித்த மூன்றாம் மாதம், பிணைக்க உட்கார்ந்தபோது இழை என் கையில் மாட்டிக்கொண்டு வந்தது. இரும்புக் கம்பி பிடித்துப் பிடித்து உள்ளங்கையில் காய்ப்பு ஏறியிருந்தது. பட்டு சொரசொரப்பைப் பொறுக்காது.

நைனா என் கையைத் திருப்பிப் பார்த்தார். "நெசவுக்காரன் கையாடா இது? கல்லு ஒடைக்கிறவன் கை" என்றார். அம்மா ராத்திரி தேங்காயெண்ணெய் தடவி, படிக்கல்லில் தேய்க்கச் சொன்னாள். நான் தேய்க்கவில்லை. அந்தக் காய்ப்புதான் அப்போது எனக்கு இருந்த ஒரே பட்டம்.

ஜிம் என்றால் இப்போது இருப்பதுபோல் கண்ணாடியும் ஏசியும் இல்லை. ஓடு வேய்ந்த கொட்டகை. வாசலில் 'தேகப்பயிற்சி நிலையம்' என்று பெயின்ட் எழுத்து. உள்ளே ஆஞ்சநேயர் படம், அதற்குப் பக்கத்தில் அர்னால்டு, இரண்டுக்கும் ஒரே ஊதுவத்தி. மூலையில் யாரும் தொடாத கர்லாக்கட்டை இரண்டு. மாஸ்டர் நல்லவர். இதை நான் யோசித்துத்தான் சொல்கிறேன். ஐந்து வருடம் எங்களுக்குத் தண்டாலும் பஸ்கியும் ஆற்று மணலில் ஓட்டமும் தவிர வேறெதுவும் சொல்லித் தரவில்லை. அவித்த முட்டை, ஊறவைத்த கொண்டைக்கடலை, வீட்டில் இருந்தால் பால். தை மாத உற்சவத்தில் வேதபுரீஸ்வரர் வாகனத்துக்குத் தோள் கொடுக்க எங்கள் ஜிம் பையன்களைத்தான் கூப்பிடுவார்கள். நான் அறுபத்திரண்டு கிலோ இருந்தேன். பார்க்க நன்றாகவே இருந்தேன் என்று இப்போது பழைய போட்டோவைப் பார்த்தால் தெரிகிறது. அப்போது தெரியவில்லை.

2004-ல் காஞ்சிபுரத்தில் ஓர் ஆணழகன் போட்டி பார்க்கப் போனோம். மேடையில் நின்றவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற பஸ்ஸில் யாரும் பேசவில்லை. முப்பது கிலோமீட்டர் மௌனம். ஊர் வந்து இறங்கியதும் மாஸ்டர்தான் சொன்னார்: "முட்டை தின்னா அந்த சைஸ் வராதுபா."

அந்த சைஸுக்குப் போடுகிற ஊசியின் பெயர் எங்களுக்குப் புதிதில்லை. என் பாட்டிக்கு இடுப்பெலும்பு தேய்ந்தபோது டாக்டர் எழுதிக் கொடுத்த 'சத்து ஊசி' அதேதான். நாண்ட்ரோலோன். ஜிம்மில் அதற்கு டெக்கா என்று பெயர். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. ஆனால் சின்ன ஊரில் சீட்டு என்பது முகம்தான். அந்த ஊசியை முதலில் கையில் வாங்கியபோது மருந்து மஞ்சளாக, கெட்டியாக இருந்தது. பெட்டிக்குள் இருந்த காகிதத்தில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். மருந்தைக் கரைத்திருப்பது கடலை எண்ணெயில். நான் சிரித்துவிட்டேன். எங்கள் பக்கம் மல்லாட்டைச் சீமை. ஆனி ஆடியில் எந்தக் கொல்லையில் காலை வைத்தாலும் மல்லாட்டைச் செடிதான். செக்கில் ஆட்டினால் கால் ரூபாய்க்கு மணக்கிற சாமானை ஊசியில் ஏற்றிக்கொள்ள ஒரு சேலைக் கூலியில் பாதியைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வேலை செய்தது என்பதை மறைக்க முடியாது. மறைத்துப் பேசுகிறவர்களைப் பையன்கள் நம்புவதில்லை, அதுதான் சிக்கல். இரண்டே மாதத்தில் ஏழு கிலோ. நேற்று தூக்க முடியாததை இன்று தூக்கினேன். ராத்திரி உடம்பு முறுக்கிக்கொண்டு தூக்கம் வராது, ஆனால் காலையில் களைப்பும் இருக்காது. முதல் கோர்ஸ் முடிந்ததும் பாதி இறங்கிவிட்டது. மறு கோர்ஸ். மறுபடி இறக்கம். 2007-ல் மாஸ்டரிடம் நான் கேட்டது அதனால்தான். ஏறுவது போதாது, ஏறியது நிற்க வேண்டும், நின்றதற்கு மேலேயும் ஏற வேண்டும். அப்போதிலிருந்து நிறுத்தவே இல்லை. குறைப்போம், கூட்டுவோம், ஒன்றின் மேல் இன்னொன்று போடுவோம். மாத்திரை சேர்ந்தது. நாடு விட்டு நாடு வந்ததாகச் சொல்லிப் பெயர் தெரியாத குப்பிகள் சேர்ந்தன. அவற்றில் சிலவற்றில் எண்ணெய் மட்டும்தான் இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். ஒரு தடவை பின்புறம் சீழ் கட்டி, கீறி எடுக்க வேண்டியதாயிற்று. ஆற்றில் குளிக்கும்போது கல் குத்திவிட்டது என்று வீட்டில் சொன்னேன். ஆற்றில் அப்போது தண்ணீரே இல்லை.

ஏன் நின்றுபோகிறது என்பதற்கு ஜிம்மில் ஒரு சாஸ்திரம் இருந்தது. தசையில் மருந்து போய் உட்காருகிற இடங்கள் 'அடைச்சுப்போச்சு', கொஞ்சநாள் விட்டுப் பிடித்தால் திறந்துகொள்ளும், அல்லது வேறு மருந்து போட்டால் வேறு வழியாக நுழையும் என்பார்கள். பல வருடம் கழித்து வேலூரில் ஒரு ஹார்மோன் டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். தசை என்பது ஒரு பக்கம் கட்டிக்கொண்டே இன்னொரு பக்கம் கரைந்துகொண்டும் இருப்பது. மருந்து கட்டுகிற வேகத்தைக் கூட்டுகிறது. தசை பெருக்கப் பெருக்கக் கரைவதும் கூடுகிறது. ஓரிடத்தில் இரண்டும் சமமாகிவிடும். அங்கே நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். எதுவும் அடைபடவில்லை. அந்த அளவு மருந்துக்கு அந்த உடம்பு கொடுக்கக்கூடியது அவ்வளவு. மேலே போக வேண்டுமென்றால் மருந்து கூட வேண்டும், கூட்டினால் கொஞ்ச தூரத்தில் இன்னொரு நிற்குமிடம்.

இறங்குவதுதான் பெரிய கதை. வெளியிலிருந்து ஹார்மோன் வந்து நிறைந்ததும், மூளையடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி விதைகளுக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடுகிறது. இதை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. வெளிச் சரக்கு வந்து கிடங்கில் குவிந்தால் எந்த முதலாளி தறிக்காரனுக்குப் பாவு கொடுப்பான்? தறி சும்மா கிடக்கும். குழியில் ஒட்டடை படியும். நெடுநாள் கிடந்தால் கட்டையே இற்றுப்போகும். விதை சுருங்குவதும் அதேபோலத்தான். ஊசியை நிறுத்துகிற அன்று உள்ளே எதுவும் ஊறுவதில்லை, வெளியிலிருந்தும் எதுவும் வருவதில்லை. ஏறிய தசை கரைய, மனம் அதற்கும் கீழே போக, மறுபடி ஊசிக்குத்தான் கை நீளும்.

இதற்கு எங்கள் தெருவில் வேறு பெயர் உண்டு. முன்பணம். பெண் கல்யாணத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ முதலாளியிடம் ஒரு தொகை வாங்குவார்கள். கூலியில் கழித்துக்கொள்ளலாம் என்று பேச்சு. கழியவே கழியாது. தறியை விட்டு எழுந்து வேறு முதலாளியிடம் போக வேண்டுமானால் மொத்தத்தையும் வைத்துவிட்டுப் போக வேண்டும். நைனா ஒரு வாங்கலை இருபது வருடம் சுமந்தார். என் ஊசி விஷயம் அவருக்குத் தெரிந்த அன்று அடிக்கவில்லை, திட்டவில்லை. "எவ்ளோ வாங்கிக் கீற?" என்று மட்டும் கேட்டார். பணத்தைக் கேட்கிறார் என்று நினைத்துக் கணக்குச் சொன்னேன்.

ஊர்ப் பெருமை ஒன்றைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. எங்கள் ஊர்க் கோயில் இருக்கிற இடத்துக்குத் திருவோத்தூர் என்று பழைய பெயர். தலமரம் பனை. ஓர் அடியவர் வைத்து வளர்த்த பனையெல்லாம் ஆண்பனையாகப் போய்விட, அதை வைத்துச் சமணர்கள் அவரைக் கேலி பேச, சம்பந்தர் வந்து பதிகம் பாடி அவற்றைக் குலை தள்ளச் செய்தார் என்பது புராணம். சின்ன வயதில் பாட்டி கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டிய இடம். பனை பூக்கிறவரை ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியாது, அதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகும் என்றும் பாட்டிதான் சொன்னாள்.

2008 தொடக்கத்தில் என் இடது மார்க்காம்புக்குக் கீழே ஒரு கட்டி தட்டுப்பட்டது. புளியங்கொட்டை அளவு. தொட்டால் வலி. பிறகு வலதிலும். உடம்பு, தனக்கு மிஞ்சிய ஆண் ஹார்மோனில் ஒரு பகுதியைப் பெண் ஹார்மோனாக மாற்றிவிடும். அதற்கென்று ஒரு நொதி எல்லா ஆணுக்குள்ளும் இருக்கிறது. ஆண்மையை ஊற்ற ஊற்ற மார்பு வளர்கிற வேடிக்கை இப்படி நடக்கிறது. பனியனுக்கு மேல் இன்னொரு பனியன் போட்டுக்கொண்டு திரிந்தேன். ஜிம்மில் என்னோடு செட் போடுகிற தையல்காரர் மகன் ஒருநாள் கவனித்துவிட்டான். "விடு மச்சான், ஆண்பனை காய்ச்ச ஊர்தானே" என்றான். கொட்டகையே அதிரச் சிரித்தோம். நானும்தான். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அழவில்லை. அதற்கும் ஒரு மாத்திரை உண்டென்று மாஸ்டர் சொன்னார், வாங்கிப் போட்டேன். கட்டி கொஞ்சம் சுருங்கியது, போகவில்லை. இன்றும் இருக்கிறது.

அந்த வருடம்தான் மாவட்ட ஆணழகன் போட்டி, திருவண்ணாமலையில். மேடைக்கு முந்தைய நாட்களில் உப்பைக் கழித்தோம், பிறகு தண்ணீரைக் கழித்தோம். தோல் தசையோடு ஒட்ட வேண்டும். கடைசி ராத்திரி வாயில் எச்சில் இல்லை. ஐஸ்கட்டியை உதட்டில் தேய்த்துக்கொண்டேன். 2023-ல் வடலூரில் மாநிலப் போட்டிக்கு வந்த சேலத்துப் பையன் ஒருவன், இருபத்தொரு வயது, ரொட்டி தொண்டையில் அடைத்து இறந்துபோனான் என்று செய்தி வந்தது. அந்தப் பிள்ளை என்ன செய்தான், செய்யவில்லை என்று எனக்குத் தெரியாது, அவனைப் பற்றிப் பேச எனக்கு உரிமையும் இல்லை. ஆனால் செய்தியைப் படித்ததும் என் தொண்டை அந்த ராத்திரிபோல் வறண்டது. அந்த மாவட்டப் போட்டியில் நான் மூன்றாவதாக வந்தேன். ஒரு கப்பு, ஒரு சால்வை. மேடையில் உடம்பு முழுக்கப் பழுப்புச் சாயம் பூசி நிற்கிற போட்டோவை அம்மாவிடம் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "கருவாடு மாதிரி கீறியே கண்ணு" என்றாள். என்னைப் பற்றி வந்த விமர்சனங்களில் சரியானது அதுதான்.

அதே 2008 நவம்பரில் 'வாரணம் ஆயிரம்' வந்தது. சூர்யாவின் வயிற்றைப் பார்த்துவிட்டுப் பையன்கள் ஜிம்மில் மொய்த்தார்கள். மாஸ்டருக்கு வயதாகிவிட்டது, நான்தான் சொல்லிக் கொடுத்தேன். கப்பு வாங்கியவன் அல்லவா. இனி எழுதப்போவதை எழுதத்தான் இந்தக் கட்டுரையை ஆரம்பித்தேன், ஆனாலும் இவ்வளவு சுற்றி வந்திருக்கிறேன்.

தையல்காரர் மகன் என்னைவிட மூன்று வயது இளையவன். அவனுக்கும் நின்றுபோனது. என்னிடம்தான் கேட்டான். நான் யோசிக்கவே இல்லை. எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன்: இன்னொன்னு சேத்துக்கோ. கடையில் நானே வாங்கிக் கொடுத்தேன். அவனுக்குத் தசை திபுதிபுவென்று ஏறியது. தசை ஏறுகிற வேகத்துக்கு அதை எலும்போடு கட்டுகிற நாண் ஏறாது என்பது எனக்குத் தெரியாது. 2009-ல் ஒரு நாள் காலை, குனிந்து கம்பியைத் தூக்கியவன் அப்படியே விட்டுவிட்டான். படீரென்று ஒரு சத்தம் கேட்டது. தறியில் மிதிக்கயிறு அறுந்தால் வருகிற சத்தம், சரியாக அதே சத்தம். முழங்கை மடிப்பிலிருந்து தசை உருண்டு தோள் பக்கம் ஏறிக்கொண்டது. தைத்தார்கள். ஆனால் கத்திரிக்கோலைப் பிடித்துத் துணியை வளைத்து வெட்ட, முன்கையைத் திருப்ப வேண்டும். அந்தத் திருப்பம் அவனுக்கு முழுதாகத் திரும்பவில்லை. இப்போது ரெடிமேட் கடையில் நிற்கிறான். பார்த்தால் பேசுவான், சிரிப்பான். டீ வாங்கித் தருவான். அவன் காசு கொடுக்கும்போது நான் தடுப்பதில்லை. தடுத்தால் வேறு ஏதாவது பேச வேண்டியிருக்கும்.

2010-ல் நிறுத்தினேன். அடுத்த வருடம் கல்யாணம். குழந்தை தங்கவில்லை என்று என் மனைவியைக் கூட்டிக்கொண்டு கோயில் கோயிலாகப் போனார்கள். என்னை எங்கும் கூட்டிப்போகவில்லை, இந்த உடம்பைப் பார்த்து யாருக்குச் சந்தேகம் வரும்? 2012-ல் வேலூருக்குப் போனபோது அந்த டாக்டரம்மா என் தோளையும் முதுகுத் தழும்புகளையும் பார்த்தார். மனைவி பக்கத்தில் இருக்கும்போதே, "எத்தனை வருஷம் கோர்ஸ் போட்டீங்க?" என்று கேட்டார். பரிசோதனையில் உயிரணு இல்லை. நின்ற தறி மறுபடி ஓடச் சிலருக்கு மாதங்கள் போதும், சிலருக்கு வருடம், சிலருக்கு ஓடுவதே இல்லை என்றார். எனக்கு ஓடியது. 2015-ல் மகள் பிறந்தாள். அதற்கு நடுவில் இருந்த மூன்று வருடத்தைப் பற்றி என் மனைவி எழுதினால்தான் சரியாக இருக்கும்.

எக்கோவில் இதயச் சுவர் கொஞ்சம் தடித்திருப்பதாக வந்தது. இதயமும் தசைதானே, அதற்கும் சேர்த்துத்தான் மருந்து போட்டிருக்கிறேன். 2017-ல் அமெரிக்காவில் எடை தூக்குகிற 140 பேரைச் சோதித்த ஓர் ஆய்வு வந்தது. மருந்து போட்ட 86 பேரின் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளும் ரத்தம் சராசரி 52 விழுக்காடு, போடாத 54 பேருக்கு 63. டாக்டரம்மா அதைக் காட்டி ஒவ்வொரு வருடமும் என்னை வரவழைக்கிறார்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்த கணக்கு வேறு. 1996-ல் ஷலேந்தர் பாசின் என்ற டாக்டரும் அவரோடு இருந்தவர்களும் வெளியிட்ட சோதனை. இந்தியாவில் பிறந்தவர், அமெரிக்காவில் வேலை. 43 ஆண்கள், பத்து வாரம். ஊசியும் பயிற்சியும் சேர்ந்தவர்களுக்குக் கொழுப்பில்லாத எடை ஆறு கிலோ ஏறியது. ஊசி இல்லாமல் முறையாகப் பயிற்சி செய்தவர்களுக்கு இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. எந்தப் பயிற்சியும் செய்யாமல் ஊசி மட்டும் போட்டுக்கொண்டவர்களுக்கு மூன்று கிலோவுக்கு மேல். சும்மா இருந்தவன், வியர்வை சிந்தியவனைவிட அதிகம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். விடியற்காலை நாலரைக்கு எழுந்து கொட்டகை திறந்த அத்தனை வருடத்தில் எது என் கூலி, எது முன்பணம் என்று இனி பிரிக்க முடியாது. கப்பை அலமாரியிலிருந்து எடுத்து வைத்தது ஆய்வைப் படித்த அந்த வாரம்தான். எறியவில்லை. மகள் அதில் பென்சில் போட்டு வைக்கிறாள்.

இந்தக் கதையெல்லாம் அந்தப் பையனிடம் சொன்னேனா என்றால், பாதி சொன்னேன். தையல்காரர் மகனைச் சொன்னேன். பனியனைத் தூக்கி மார்பைக் காட்டினேன். அவன் எட்டிப் பார்த்தான், பிறகு தன் சட்டையின் முதல் பொத்தானைத் தொட்டுக்கொண்டான். புரிந்தது.

"மேல ஏத்தற வழி எங்கிட்ட இல்லப்பா" என்றேன். "இதைத் திடீர்னு நீயா விடாத, நீயா கூட்டவும் கூட்டாத. வேலூர்ல ஒரு டாக்டரம்மா இருக்காங்க. ரத்தம் பாப்பாங்க, எக்கோ பாப்பாங்க. திட்டமாட்டாங்க. வியாழக்கெழம எனக்கும் போற நாள்தான். கூட வா."

அவன் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாடா போய் வருவதை, இழை மாட்டாமல் விரல் பாவின் மேல் ஓடுவதை. காய்ப்பு உதிர்ந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. வெளியே தெருவிளக்கு போட்டார்கள். கம்பெனி பஸ் ஒன்று ஷிப்ட் ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. லீவு சொல்ல வேண்டும், சூப்பர்வைசர் கத்துவார் என்றெல்லாம் முணுமுணுத்தான். வருகிறேன் என்று சொல்லி எழுந்தான். அதே தோள் சாய்வோடு வாசல்வரை போனவன் திரும்பி நின்றான்.

"இன்னிக்குத் திங்கள்தானேண்ணா" என்றான். "வியாழக்கெழமைக்குள்ள கொறைஞ்சிடாதே?"